சுண்டுவிரல் பக்கம்

த்ரியெஸ்தேயில் போரா வீசும் நாட்களில்
குப்பைத் தொட்டிகள் தாமாகவே தெருவைக் கடக்கும்.
நவம்பரில் நானும் அப்படித்தான் கடந்தேன்,
வலக்கையை முன்னே அனுப்பிவிட்டு.

எலும்பு முறியவில்லை என்றார்கள்.
முறிந்திருந்தால் மாவுக்கட்டாவது காட்டியிருக்கலாம்.
கிழிந்தது சுண்டுவிரல் பக்கம்,
ஒரு முக்கோணக் குருத்தெலும்பு.
கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்குமாம்.
நாற்பத்தொரு வருடம் என்னோடு இருந்திருக்கிறது,
பேர்கூடக் கேட்டதில்லை நான்.

காபி மெஷினில் கைப்பிடியை மாட்டி
இடமிருந்து வலமாக ஒரு திருகு.
கழற்ற, வலமிருந்து இடமாக இன்னொன்று.
அவ்வளவுதான் என் பிழைப்பு,
நாளைக்கு நானூறு தடவை.
இப்போது டார்கோ திருகுகிறான்.
நான் கல்லாவில் உட்கார்ந்து
"ஒரு நேரோ, இரண்டு காப்போ,
அதில் ஒன்று கண்ணாடித் தம்ளரில்!" என்று
குரலை மட்டும் வேலைக்கு அனுப்புகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒர்னெல்லா கொஸ்ஸுத்தா
அதிகம் பேசுகிறவள் இல்லை.
எடைபார்க்கும் கருவியைத் தரையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
உள்ளங்கையை ஊன்றி அழுத்து,
வலி வாய்திறக்கிற இடத்தில் எண்ணைச் சொல்.
ஆறு கிலோ.
இடக்கைக்கு முப்பத்தொன்று.

அன்றிலிருந்து ஆறு கிலோவுக்குள் குடித்தனம்.
கெட்டிலில் பாதித் தண்ணீர்.
நாற்காலியிலிருந்து எழும்போது கையூன்றக் கூடாது.
துணி பிழியக் கூடாது; சொட்டச் சொட்டக் காயப்போடு.
சாவி இடக்கைக்கு,
கதவு தோளுக்கு.

சாயங்காலம் சுத்தியல்.
பிடியின் அடியைப் பற்றி, முழங்கையை மேசையில் வைத்து
மெல்ல வானம் பார்க்க, மெல்லத் தரை பார்க்க.
இரும்புத்தலை விழப் பார்க்கும்;
விழவிடாமல் இறக்கு.
பத்து. ஓய்வு. பத்து.
சுத்தியல் இத்தனை சத்தமில்லாமல்
எந்த வீட்டிலும் உழைத்திருக்காது.

மணி கட்டும் இடம் என்று
யாரோ நினைத்து வைத்த பேர்.
எனக்கு அங்கே வாரங்களைக் கட்டியிருந்தார்கள்.

பதினொன்று.
பன்னிரண்டரை.
ஜனவரியில் பதினாலு.

பதினாலு என்றதும் பேராசை வந்தது.
ஞாயிற்றுக்கிழமை, தூக்கம் கலையாத காலை,
முந்தின நாளே நான் மூடிவைத்த மோக்காப் பாத்திரம்.
சின்னதாக ஒரு திருகு.
டக்.
காபியும் போடவில்லை, அழவும் இல்லை;
பாத்திரத்தைத் திறக்காமலே கழுவிக் கவிழ்த்தேன்.

செவ்வாயன்று கருவியில் ஏழு.
ஒர்னெல்லா ஏழு என்று எழுதிக்கொண்டாள்.
"மோக்காவா, ஜாடி மூடியா?"
அது மட்டும் கேட்டாள்.
பாதிப் பேர் இந்த இரண்டில்தான் வழுக்குவார்களாம்.
ஏனோ அது ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரியில் மறுபடி போரா.
விளக்குக் கம்பத்தை இடக்கையால் அணைத்தபடி நின்றேன்,
வலக்கை கோட்டுப் பைக்குள்,
டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி.

மார்ச் பாதியில் இருபத்திரண்டு.
மூன்று மணிக்கு மேல், கூட்டம் வடிந்தபின்,
பதினைந்து காபிக்கு அனுமதி.
மணிக்கட்டு நேராக, முழங்கை விலாவோடு,
திருகுவது தோளின் வேலை.
முதல் காபிக்கு டார்கோ மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.
இரண்டாவதில் கை தன் பழைய மிடுக்கைத் தேடியது.
ஒன்பதாவதில் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

பதினைந்து.
வலியே இல்லை.
வலித்தால் நிறுத்த யாருக்குத்தான் தெரியாது?
இது வேறு.
கை இன்னும் கேட்கிறது,
நுரை பொங்கிய பால் தயாராக நிற்கிறது,
எதிரில் சிஞ்ஞோரா ஃப்ராஜாக்கொமோ
சில்லறையை எண்ணி வைத்துவிட்டாள்.

"டார்கோ" என்றேன்.

"ஏன், நன்றாகத்தானே போடுகிறாய்?" என்றாள் அவள்.

ஆமாம் என்றேன்.
கல்லாவுக்கு நடந்தேன்.
அவள் எண்ணிய சில்லறையை
நான் இன்னொருமுறை எண்ணினேன்,
இடக்கையால்.